முந்தி வந்த செய்தி



பிறர் பிழையை எடுத்துரைக்குமுன் தன் பிழையை ஒப்புக்கொள்ளுதல் முறை. ஆதலின் அடியேன் செய்த பிழையொன்றைக் கூறி இம்மாதப் பகுதியைத் தொடங்குகிறேன்.

2024ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதி, மாட்டுப் பொங்கல். மும்பையில் நம்மவர் வாழும் மாடிக் கட்டடங்களில் மாடும் இல்லை, தொழுவமும் இல்லை. எனினும் முதல் நாள் பொங்கிய சர்க்கரைப் பொங்கலின் மணம் மனையை விட்டு அகலவில்லை. பெண்டிர் மொட்டை மாடியில் கனுப்பிடி வைத்துவிட்டு இறங்கி வரும் வேளை. காலை மணி ஆறரை. காப்பித் தம்ளரை ஒரு கையில் ஏந்தியவண்ணம் மறு கையால் கைப்பேசியைத் திறந்தேன். அதே கணத்தில் அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் உள்ள அயோவா மாநிலத்தில் முதல் நாள் இரவு மணி ஏழு. கடுங்குளிரையும் உறைபனியையும் பொருட்படுத்தாமல் அம்மாநிலத்துக் குடியரசுக் கட்சியார், தங்கள் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் யாராக இருத்தல் வேண்டும் என்று தெரிவிப்பதற்காகப் பள்ளிக்கூடங்களிலும் மாதா கோயில்களிலும் பொது மண்டபங்களிலும் கூடிக்கொண்டிருந்தனர்.

அயோவாத் தேர்தலில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். அங்கே போட்டியிட்டவர்களுள் ஒருவர் விவேக் ராமசாமி. பாலக்காட்டிலிருந்து சென்று அமெரிக்காவில் குடியேறிய, தமிழ் பேசும் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரிலே பிறந்து வளர்ந்தவர். அவருடைய கொள்கைகள் நமக்கு உடன்பாடா அன்றா என்பது வேறு பேச்சு. அயலிடத்தில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளையொருவர் அந்நாட்டின் தலைமைப் பதவிக்குப் போட்டியிடுகிறார் என்றால், தாமும் அயலிடத்தில் வாழும் நம்மனோர்க்கு ஓர் ஆவல் எழுவது இயல்பே.

மணி ஏழு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். வெற்றி பெற்றவர் டொனால்டு டிரம்ப் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அறிவித்துவிட்டது. கால் மணி கழித்து எங்கள் வட்டாரத்து வாட்ஸப் குழுவில் வேறொரு செய்தி வந்தது. "நம்மவர் இரண்டாமிடம்; எண்ணிக்கை தொடர்கிறது" என்பது அதன் சாரம். யார் சொன்னது, எங்கே எண்ணியது, எத்தனை எண்ணியது என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. மகிழ்ச்சி மிகுதியால் அதைப் பதினொரு பேருக்கு உடனே அனுப்பி வைத்தேன். அப்பதினொருவருள் ஒருவர் பாலக்காட்டில் வாழும் என் அத்திம்பேர். எண்பது வயதைக் கடந்தவர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கிராமத்துத் தெரு முழுவதும் செய்தியைச் சொல்லி, கோயிலில் ஓர் அர்ச்சனையும் செய்வித்து, எதிர்ப்பட்டவர்க்கெல்லாம் பழமும் கற்கண்டும் கொடுத்துவிட்டார்.

நடந்தது என்ன? டிரம்புக்கு 51 விழுக்காடு. இரண்டாமிடம் பெற்ற ரான் டிசாண்டிஸுக்கு 21 விழுக்காடு. மூன்றாமிடம் நிக்கி ஹேலிக்கு, 19 விழுக்காடு. ராமசாமிக்குக் கிடைத்தது 7.7 விழுக்காடு, இடம் நான்காவது. அன்று இரவே அவர் போட்டியிலிருந்து விலகி டிரம்பை ஆதரித்துப் பேசினார். மாலையில் அத்திம்பேர் டெலிபோனில் அழைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "டெலிவிஷன்காரன் சொல்லியிருந்தால் விசாரித்திருப்பேன். சொன்னவன் நீ, அதனால் விசாரிக்கவில்லை" என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அச்சொல்லை இன்றும் தாங்க இயலவில்லை.

அன்று முதல், இந்த அயோவாக் கூட்டங்களில் முந்தி வரும் செய்திகள் எவ்வாறு பிறக்கின்றன, எவ்வாறு பிறழ்கின்றன என்பதை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். படித்தவற்றுள் சிலவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வதே இம்மாத நோக்கம்.

முதலில் இக்கூட்டத்தின் இயல்பைக் கூறுதல் வேண்டும். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும் பூர்வாங்கத் தேர்தலை அரசாங்கமே நடத்துகிறது. அங்கே வாக்குச்சாவடி உண்டு; அதிகாரிகள் உண்டு. காக்கஸ் எனப்படும் வட்டாரக் கூட்டம் அத்தகையது அன்று. அதைக் கட்சியே கூட்டுகிறது, கட்சித் தொண்டர்களே நடத்துகின்றனர், அவர்களே எண்ணுகின்றனர். அயோவாவில் 99 மாவட்டங்கள் உள்ளன. கூட்டங்கள் ஆயிரத்துக்கு மேல். குடியரசுக் கட்சிக் கூட்டத்தில் ஒவ்வோர் அபேட்சகருக்காகவும் ஒருவர் எழுந்து பேசுவார். பின்னர் துண்டுக் காகிதத்தில் பெயரெழுதிக் கொடுப்பர். அதைக் கூட்டத்தார் காண எண்ணுவர். ஜனநாயகக் கட்சியார் 2020ஆம் ஆண்டு வரை வேறொரு முறையைக் கையாண்டனர். இன்னாரை ஆதரிப்போர் இந்த மூலையில், அன்னாரை ஆதரிப்போர் அந்த மூலையில் என்று மக்களே பிரிந்து நிற்பர், தலைகளை எண்ணுவர். பெரும்பாலான கூட்டங்களில் 15 விழுக்காடு சேராத குழுவினர் கலைந்து மற்றொரு குழுவில் சேரலாம். பிறகு மறுபடியும் எண்ணுவர்.

இவ்வாறு எண்ணிய தொகைகள் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் தலைநகரான டி மாயினில் உள்ள கட்சித் தலைமையகத்துக்குச் செல்கின்றன. முப்பது பேர் கூடிய சிற்றூர்க் கூட்டம் விரைவில் முடியும். பல நூறு பேர் கூடிய கல்லூரி நகரத்துக் கூட்டம் தாமதமாக முடியும். ஆகவே முதலில் வரும் தொகை பெரும்பாலும் சிற்றூரின் தொகை. அதைக் கொண்டு மாநிலத்தின் மனத்தை அளப்பது, பந்தியில் முதலில் எழுந்தவர் இலையைப் பார்த்து எல்லாருடைய பசியையும் கணிப்பதை ஒக்கும்.

முந்திய செய்தியின் வலிமை எத்தகையது என்பதற்கு 1976ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டு ஜனவரியில் ஜனநாயகக் கட்சிக் கூட்டங்களில் முதலிடம் பெற்றது எந்த மனிதரும் அல்லர்; "இன்னும் முடிவு செய்யவில்லை" என்றவர்களே 37 விழுக்காடு. ஜார்ஜியா மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஜிம்மி கார்ட்டருக்குக் கிடைத்தது 28 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. ஆயினும் மனிதர்களுள் முதல்வர் அவரே என்பதால் மறுநாட் செய்திகள் அவரையே வெற்றியாளராகக் காட்டின. நாடு அதிகம் அறியாதிருந்த பெயர் ஒரே இரவில் எங்கும் அறிந்த பெயராயிற்று. ஆண்டு முடிவில் அவர் ஜனாதிபதியாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எண்களை விட எண்களைப் பற்றி முதலில் சொல்லப்பட்ட கதைக்கே மதிப்பு மிகுதி என்பதை அபேட்சகர்கள் அன்று நன்கு அறிந்துகொண்டனர்.

இனி 2012ஆம் ஆண்டு. ஜனவரி 3ஆம் தேதி இரவு குடியரசுக் கட்சியில் மிட் ராம்னிக்கும் ரிக் சாண்டோரத்துக்கும் கடும் போட்டி. நள்ளிரவுக்குப் பின், ராம்னி 30,015, சாண்டோரம் 30,007, எட்டே ஓட்டு வித்தியாசத்தில் ராம்னி வெற்றி என்று கட்சி அறிவித்தது. உலகமெங்கும் அச்செய்தி பரவியது. ஆனால் ஒரு சிற்றூர்க் கூட்டத்தில் எண்ண உதவிய சாமானியர் ஒருவர் சில நாட்களுக்குள் டெலிவிஷன் நிருபரிடம் ஐயம் ஒன்றைத் தெரிவித்தார். தம் கூட்டத்தில் ராம்னிக்குக் கிடைத்தவை இரண்டே ஓட்டு. கட்சி வெளியிட்ட பட்டியலிலோ 22 என்று இருக்கிறது என்றார். கூட்டங்களில் கையொப்பமிட்ட தாள்கள் வந்து சேர்ந்து அனைத்தும் சரிபார்க்கப்பட்டபோது கணக்கு மாறியது. சாண்டோரம் 29,839, ராம்னி 29,805. முன்னே நின்றவர் சாண்டோரம், 34 ஓட்டு வித்தியாசத்தில். அதிலும் 1,774 வட்டாரங்களுள் எட்டின் தாள்கள் கடைசி வரை அகப்படவே இல்லை.

இத்திருத்தம் வெளிவந்த நாள் ஜனவரி 19. பதினாறு நாட்கள் கடந்துவிட்டன. இதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராம்னி வெற்றி பெற்றார். முதலிரண்டு மாநிலங்களையும் ஒருங்கே வென்றவர் என்ற புகழும் அவரைச் சேர்ந்தது. வெற்றியாளருக்கு வந்து குவியும் நன்கொடையும், தொண்டர் கூட்டமும், பத்திரிகைப் படங்களும் சாண்டோரத்துக்குக் கிட்டவில்லை. திருத்தம் வெளியான அன்றே டெக்சஸ் கவர்னர் ரிக் பெர்ரி போட்டியிலிருந்து விலகினார். இரண்டு நாட்களில் தென் கரோலினாவில் தேர்தல். நாட்டின் கண்கள் அங்கே திரும்பிவிட்டன. உரியவருக்கு உரிய வெற்றி கிடைத்தது. கிடைத்த வேளையில் கைதட்ட ஆளில்லை.

ஈண்டு மற்றொன்றும் கூறவேண்டும். அந்தக் கூட்டங்களில் மூன்றாமிடம் பெற்றவர் ரான் பால். ஆயினும் மாவட்ட மகாநாடு, மாநில மகாநாடு என்று படிப்படியாகப் பிரதிநிதிகளைத் தெரிந்தெடுத்து முடிந்தபோது, அயோவாவின் 28 பிரதிநிதிகளுள் 22 பேர் அவருடைய ஆதரவாளர்களாக இருந்தனர். சனவரி இரவின் கணக்கு ஒரு கணக்கே; முடிவான கணக்கு அன்று.

பொய்ச் செய்தி யாவும் பொய்யர் வாயில் பிறப்பதில்லை. மெய்யான செய்தியே இரண்டாம் வாய்க்கு வரும்போது திரிந்துவிடுவதும் உண்டு. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அபேட்சகர்களுள் ஒருவரான டாக்டர் பென் கார்சன், அயோவாவிலிருந்து அடுத்த மாநிலத்துக்கு நேரே செல்லாமல் ஃபுளோரிடாவில் உள்ள தம் வீட்டுக்குச் சென்று இளைப்பாறப் போகிறார் என்று சி.என்.என். நிருபர் தெரிவித்தார். செய்தி உண்மையே. மாற்றுடை எடுத்துவரப் போவதாகக் கார்சனே பின்னர் விளக்கினார். ஆனால் டெட் குரூஸின் பிரசாரக் குழுவினர் அச்செய்தியோடு தங்கள் ஊகத்தையும் சேர்த்து, கார்சன் பிரசாரத்தை நிறுத்தப் போகிறார், அவர் ஆதரவாளர்களிடம் இதைத் தெரிவியுங்கள் என்று தங்கள் ஆட்களுக்குச் செய்தி அனுப்பினர். கூட்டங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே அது அறைகளுக்குள் பேசப்பட்டது. அன்று வென்றவர் குரூஸ். மறுநாள் அவர் கார்சனிடம் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்கலாம், பெட்டியில் விழுந்த காகிதத்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

அதே இரவு ஜனநாயகக் கட்சியில் நாணயம் சுண்டிய கதை பிறந்தது. ஹில்லாரி கிளிண்டனும் பெர்னி சாண்டர்ஸும் ஏறக்குறையச் சமமாக நின்றனர். சில அறைகளில் கணக்குச் சமமானால் ஒரு பிரதிநிதியை யாருக்குத் தருவது என்று நாணயம் சுண்டி முடிவு செய்வது அங்கே வழக்கமாக இருந்தது. ஆறு இடங்களில் சுண்டினர். ஆறிலும் கிளிண்டனே வென்றார். நாணயத்தாலேயே வெற்றி என்று செய்தி பறந்தது. கேட்பதற்கு எவ்வளவு சுவையான கதை! ஆனால் கைப்பேசிச் செயலி வழியாகத் தங்களுக்கு அறிவிக்கப்பட்டவை ஏழு சுண்டல்கள் என்றும், அவற்றுள் ஆறில் சாண்டர்ஸே வென்றார் என்றும் கட்சியார் தெரிவித்தனர். அன்றியும், நாணயம் முடிவு செய்தது மாவட்ட மகாநாட்டுப் பிரதிநிதியை. அத்தகைய பிரதிநிதிகள் பதினோராயிரத்துக்கு மேல். மாநிலப் பிரதிநிதிகளோ ஏறக்குறைய 1,400. மாவட்டப் பிரதிநிதிகள் ஆறு பேரைச் சேர்த்தாலும் மாநிலக் கணக்கில் ஒருவர் கூட ஆகார். இறுதிக் கணக்கில் கிளிண்டனுக்கு 700.47, சாண்டர்ஸுக்கு 696.92, வித்தியாசம் மூன்றரை. நாணயக் கதையைக் கேட்டவர் கோடிக்கணக்கானோர். இந்தக் கூட்டல் கழித்தலைப் பார்த்தவர் எத்தனை பேர்?

இதுவரை கூறியவை முந்தி வந்த செய்தியின் கேடுகள். செய்தியே வாராமையாலும் கேடு விளையும் என்பதை 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி காட்டிற்று. அன்று ஜனநாயகக் கட்சியார் தொகைகளை அனுப்பப் புதிய கைப்பேசிச் செயலி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தனர். அது பழுதுற்றது. தொண்டர்கள் டெலிபோனில் சொல்ல முயன்றனர், இணைப்புக் கிட்டவில்லை. ஒரு கூட்டத்தின் காரியதரிசி ஒரு மணி நேரத்துக்கு மேல் டெலிபோனில் காத்திருந்தார். அதைச் சொல்ல டெலிவிஷன் நேயர்கள் முன் அவர் பேசிக்கொண்டிருந்த அதே கணத்தில் தலைமையகத்தார் பேச வந்தனர். அவர் திரும்பிப் பேசுவதற்குள் இணைப்பைத் துண்டித்தும் விட்டனர். உலகமே பார்த்துச் சிரித்தது.

அன்று இரவு ஒரு தொகையும் வெளிவரவில்லை. வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. செயலியைச் செய்தவர் யார், எந்த அபேட்சகரின் கையாள் என்று ஊகங்கள் பறந்தன. அன்று பகலிலேயே, அயோவாவின் எட்டு மாவட்டங்களில் குடிமக்களை விட வாக்காளர் மிகுதி என்று ஒரு செய்தி பரவியிருந்தது. அது தவறு என்று குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலர் பால் பேட் தாமே எண்களைக் காட்டி மறுத்தார். இரவில், ஓர் எண்ணும் வெளியாகாத நிலையிலேயே, அபேட்சகர்களுள் ஒருவரான பீட் புட்டிஜெஜ் வெற்றி முழக்கம் செய்தார்.

முதல் தொகை மறுநாள் மாலையில் வந்தது. அதுவும் 62 விழுக்காடு வட்டாரங்களுக்கு மட்டுமே. முடிவில் மாநிலப் பிரதிநிதிக் கணக்கில் புட்டிஜெஜ் 26.2, சாண்டர்ஸ் 26.1. தலை எண்ணிக்கையிலோ முதற் சுற்றிலும் இறுதிச் சுற்றிலும் சாண்டர்ஸே முன்னின்றார். எண்ணிக்கைத் தாள்களில் பிழைகள் காணப்பட்டமையால், வெற்றியாளர் இன்னார் என்று கூற இயலாது என அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தது. கட்சியின் மாநிலத் தலைவர் பதவி விலகினார்.

இந்த அமளியில் பலரும் கவனியாத செய்தி ஒன்று உண்டு. அவ்வாண்டுதான் முதன்முறையாக ஒவ்வொருவர் விருப்பமும் காகித அட்டையில் எழுதி வைக்கப்பட்டது. செயலி விழுந்தது, காகிதம் நின்றது. அதை வைத்தே மெதுவாகச் சரிபார்க்க முடிந்தது. தாமதம் என்றால் மோசடி என்று கூவியவர்கள், அந்தத் தாமதத்திலேதான் நேர்மை வேலை செய்துகொண்டிருந்தது என்பதை நினைக்கவில்லை. எனினும் கட்சி அயோவாவை மன்னிக்கவில்லை. 2024இல் ஜனநாயகக் கட்சியார் முதலிடத்தைத் தென் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டனர். அயோவாவில் தபால் மூலம் பெற்ற விருப்பங்களின் கணக்கு மார்ச் 5ஆம் தேதியே வெளியிடப்பட்டது.

மீண்டும் நம் மாட்டுப் பொங்கலுக்கு வருவோம். அன்று டிரம்ப் வெற்றி என்று அசோசியேட்டட் பிரஸ் அறிவித்தபோது அயோவாவில் மணி ஏழு முப்பத்தொன்று. கூட்டம் தொடங்கி அரை மணி தான். பல அறைகளில் சொற்பொழிவே முடியவில்லை. ஓட்டுப் போடாதவர் பலர். வாக்காளரிடம் முன்னரே நடத்திய விசாரணையையும், முதலில் வந்த தொகைகளையும் கொண்டு கணித்தோம் என்றது அந்நிறுவனம். கணிப்பும் பொய்க்கவில்லை. 99 மாவட்டங்களுள் 98 டிரம்புக்கே. ஆனால் எஞ்சிய ஒரு மாவட்டத்தைப் பாருங்கள். ஜான்சன் மாவட்டத்தில் நிக்கி ஹேலி வென்றார். வித்தியாசம் ஒரே ஓர் ஓட்டு. இரண்டாமிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் அன்று இரவு போட்டி நடந்துகொண்டுதான் இருந்தது. அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் கைப்பேசியில் முடிவைப் பார்த்து, இனி என் ஓட்டு எதற்கு என்று எழுந்து போனால், அத்தகைய மாவட்டத்தின் கணக்கே மாறிவிடும். இது தேர்தலில் தலையிடுவதாகும் என்று டிசாண்டிஸ் குழுவினர் குறை கூறினர். செய்தி சரியானதாக இருக்கலாம். சொன்ன வேளை சரியானதா என்பதே கேள்வி.

இவ்விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் கண்டிப்பானது. பல கட்டங்களாக வாக்குப் பதிவு நடந்தாலும், வாக்களித்து வெளிவந்தோரிடம் கேட்டறிந்த கணிப்புகளை, எல்லா மாநிலங்களிலும் கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி ஆகும் வரை வெளியிடலாகாது என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு தடுக்கிறது. ஆதலின் வாக்காளர் காப்பாற்றப்படுகின்றனர். ஆனால் வாக்களித்த பின் நம்மை யார் காப்பது? 2024 ஜூன் 1ஆம் தேதி மாலை வெளிவந்த கணிப்புகளுள் பல, ஆளுங்கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றன. ஜூன் 3ஆம் தேதி மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. ஜூன் 4ஆம் தேதி எண்ணியபோது கூட்டணிக்குக் கிடைத்தவை 293. சந்தை ஒரே நாளில் 4,000 புள்ளிக்கு மேல் சரிந்தது. கணிப்பை முடிவென்று எண்ணி முதல் நாள் பங்கு வாங்கியவர்கள் அடுத்த நாள் அதற்கு விலை கொடுத்தனர்.

இனி, இத்தகைய செய்தி வந்தால் நாம் செய்யத் தக்கது யாது? அடியேன் எனக்கென்று நான்கு கேள்விகளை வகுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று: எண்ணியவர் யார்? கட்சியா, அதிகாரியா, செய்தி நிறுவனமா, அல்லது பெயரற்ற ஒருவரா? இரண்டு: நூற்றுக்கு எத்தனை எண்ணியாயிற்று? எண்ணியவை எந்தப் பகுதியைச் சேர்ந்தவை? மூன்று: இது எண்ணிக்கையா, கணிப்பா? நான்கு: இதை அனுப்பியவர் தாமே அறிந்து சொல்கிறாரா, பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறாரா? நான்கிற்கும் விடை கிடைக்காவிடில் செய்தியைப் படிக்கலாம், மகிழலாம், வருந்தவும் செய்யலாம். பிறருக்கு அனுப்புதல் ஆகாது.

அயலிடத்தில் வாழும் நமக்கு இது மேலும் அவசியம். ஊரில் உள்ள உறவினர், நாம் பெரிய நகரத்தில் இருப்பதால் நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகின்றனர். அயோவாவில் நடப்பதும் நமக்குத் தெரியும் என்றே நினைக்கின்றனர். அந்த நம்பிக்கை நாம் ஈட்டியது அன்று. உறவால் அவர்கள் அளித்தது. சரிபாராத செய்தியை அனுப்பும்போது நாம் செலவு செய்வது அந்த முதலைத்தான்.

மாட்டுப் பொங்கலன்று மாலையிலேயே அந்தப் பதினொருவருக்கும் திருத்தம் அனுப்பினேன். காலைச் செய்திக்கு ஒன்பது பேர் கைகூப்பிய படமும் மலர்க்கொத்தும் அனுப்பியிருந்தனர். திருத்தத்துக்குப் பதில் அனுப்பியவர் இருவர். சில வாரங்கள் கழித்துத் திருமணம் ஒன்றில் சந்தித்த நண்பர், "நம்மவர் அயோவாவில் இரண்டாமிடம் பெற்றாரே, பின்னர் ஏன் விலகினார்?" என்று என்னையே கேட்டார். அவருக்கும் நான் திருத்தம் அனுப்பியிருந்தேன். காலையில் அனுப்பியதைப் படித்தவர் மாலையில் அனுப்பியதைப் படிக்கவில்லை.

அத்திம்பேரோ பாடத்தைச் செவ்வையாகக் கற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஜூன் 4ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, பழக்கத்தை விட முடியாமல் அவரை டெலிபோனில் அழைத்து, "அங்கே யார் முன்னணியில் என்று பேசிக்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், சாயங்காலம் கூப்பிடு" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார்.